முழுத்திரையில் கேம் ஒழுங்காக விரியவில்லை: கறுப்பு ஓரம், வெட்டுப்பட்ட படம், மங்கல்

கடைசிநிலை:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 15.6 அங்குல லேப்டாப், 1920×1080 திரை, விண்டோஸ் 11. உள்ளே இன்டெல் கிராஃபிக்ஸும் இருக்கிறது, தனியாக என்விடியா கார்டும் இருக்கிறது. இரண்டு கேம்களில் இரண்டு விதமான தொல்லை.

முதலாவது ஒரு பழைய வியூக விளையாட்டு. 1024×768க்கு மேல் அதில் தேர்வே கிடையாது. முழுத்திரை என்று கொடுத்தால் படம் திரையின் நடுவில் சின்னப் பெட்டியாக வந்து நிற்கிறது. நாலு பக்கமும் கறுப்பு. எழுத்தைப் படிக்கவே முகத்தைத் திரையருகே கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது அவ்வளவு பழசில்லை. இதில் நேர்மாறு. படம் திரையை மீறிப் போகிறது. இடது மேல் மூலை சரியாக இருக்கிறது, ஆனால் கீழே வலப்பக்கம் இருக்க வேண்டிய வரைபடமும் உயிர் அளவும் தெரிவதே இல்லை. இதன் ரெசல்யூஷன் (படத்தின் பிக்சல் அளவு) பட்டியலில் அதிகபட்சமே 1536×864 என்றுதான் காட்டுகிறது. 1920×1080ஐக் காணோம். எங்கோ படித்து, கட்டமைப்புக் கோப்பில் 1920×1080 என்று கையால் எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் இப்படி வெட்டுப்படுகிறது.

கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தாயிற்று. என்விடியா கண்ட்ரோல் பேனலில் டிஸ்ப்ளே பகுதியில், படத்தைத் திரைக்கேற்ப விரிக்கும் ஸ்கேலிங்கை மாற்றச் சொல்கிறார்கள், ஆனால் என் பேனலில் அந்தப் பகுதியே இல்லை. 3டி அமைப்புகள் மட்டும்தான் இருக்கின்றன. டிரைவர் பாதிதான் ஏறியிருக்கிறதா?


ஓடைக்கல்:

கேம் ஓடும்போது ஆல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். நிறைய கேம்களில் விண்டோவுக்கும் முழுத்திரைக்கும் மாறுவதற்கு அதுதான் வழி. சரியாகவில்லை என்றால் டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்.


பிக்சல்பித்தன்:

கடைசிநிலை, டிரைவரை நீக்க வேண்டாம். உங்கள் டிரைவர் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியதிலேயே இரண்டுக்கும் விடை இருக்கிறது. விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப வருகிறது.

கேம் வரைகிற படம் உங்கள் கண்ணுக்கு வருவதற்குள் நாலு பேர் கையை மாறி வருகிறது. கேம், விண்டோஸ், கிராஃபிக்ஸ் டிரைவர், கடைசியாக மானிட்டர். இந்த நாலில் யார் வேண்டுமானாலும் படத்தைப் பெரிதாக்கலாம், சுருக்கலாம், ஓரத்தை வெட்டலாம். யார் கை வைத்தது என்று தெரியாமல் நாலு இடத்திலும் மாற்றிக்கொண்டே போனால், ஒன்றில் செய்ததை இன்னொன்று கெடுத்துவிடும். கடைசியில் எது வேலை செய்தது என்றே தெரியாது. அதனால் முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அமைப்பை மாற்றுவது அப்புறம்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: கறுப்பு ஓரம் தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பழைய கேம் என்றால் பிரிண்ட் ஸ்கிரீன் விசை சில சமயம் வெறும் கறுப்பைத்தான் தரும். கேமுக்கென்றே ஸ்கிரீன்ஷாட் விசை இருந்தால் அதையோ, ஸ்டீம் என்ற கேம் கடை வழியாக ஆடினால் எஃப்12ஐயோ பயன்படுத்துங்கள். பிறகு வெளியே வந்து அந்தப் படத்தைத் திறந்து, அதன் அளவையும் பாருங்கள். படத்திலேயே கறுப்புப் பட்டை பதிவாகியிருந்தால் அதை வரைந்தது கேம். படம் 1024×768 அளவில், பட்டை எதுவும் இல்லாமல் இருந்தால் கேம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. பட்டையைச் சேர்த்தது டிரைவர் அல்லது மானிட்டர்.

தனி மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. மானிட்டரிலேயே இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு மெனு வரும். அதில் தகவல் என்ற பக்கத்தில், இப்போது எந்த ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது) வந்துகொண்டிருக்கிறது என்று காட்டும். கேம் ஓடும்போதே அதைப் பாருங்கள். அங்கே 1024×768 என்று இருந்தால் படத்தை விரிக்கும் பொறுப்பு மானிட்டருடையது. 1920×1080 என்று இருந்தால், அதற்கு முன்னாலேயே கேமோ விண்டோஸோ டிரைவரோ அதை விரித்தோ ஓரம் சேர்த்தோ அனுப்புகிறது. டிரைவரில் எவ்வளவு மாற்றியும் அசையவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு விடை இந்தப் பக்கத்தில்தான் இருக்கும். லேப்டாப்பில் இப்படி ஒரு மெனு இருக்காது, ஸ்கிரீன்ஷாட்டை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இனி உங்கள் கணக்கு. 1920 அகலத் திரையில் 1024 அகலப் படத்தை விரிக்காமல் அப்படியே நடுவில் வைத்தால், இடப்பக்கம் 448 பிக்சல், வலப்பக்கம் 448 பிக்சல் காலி. மேலே 156, கீழே 156. திரையில் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். படம் அகலத்தில் பாதிக்குச் சற்று மேலும், உயரத்தில் பத்தில் ஏழு பங்கும் இருந்தால், யாரோ விரிக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். டிரைவரில் அதற்குப் பெயர் சென்டர் அல்லது நோ ஸ்கேலிங்.

இரண்டாவது கேமில் 1536×864 என்ற எண்ணைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிட்டது. 1920ஐ 1.25ஆல் வகுத்தால் 1536. 1080ஐ வகுத்தால் 864. உங்கள் விண்டோஸில் எழுத்துகள் பெரிதாகத் தெரிய ஸ்கேல் 125 சதவீதம் என்று இருக்கும். லேப்டாப்களில் வாங்கும்போதே அப்படி இருப்பது வழக்கம். அந்த கேமுக்கு இந்த ஸ்கேல் விவகாரம் தெரியாது. அதனால் விண்டோஸ் அதனிடம் திரையே 1536×864தான் என்று சொல்லிவிட்டு, அது வரைவதையெல்லாம் தானே 1.25 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. நீங்கள் கோப்பில் 1920×1080 என்று எழுதியதும் அதையும் பெருக்கியிருக்கிறது. 2400×1350 ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய படத்துக்குத் திரையில் இடமில்லை, வலப்பக்கமும் கீழேயும் வெளியே போய்விட்டன.

இதற்காக விண்டோஸின் ஸ்கேலை 100க்கு இறக்க வேண்டாம், மற்ற வேலைகளில் கண்தான் வலிக்கும். கேமின் இயங்கு கோப்பில் ரைட் கிளிக், ப்ராபர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. அதில் சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்ற பொத்தான். உள்ளே கீழ்ப்பாதியில் ஓவர்ரைடு என்று தொடங்கும் கட்டத்தை டிக் செய்து, பட்டியலில் அப்ளிகேஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட்டில் அல்ல, கேம் நிறுவப்பட்ட ஃபோல்டரில் உள்ள உண்மையான கோப்பில் செய்யுங்கள். சில கேம்களில் முதலில் திறப்பது லாஞ்சர், கேம் ஓடுவது வேறொரு கோப்பிலிருந்து. டாஸ்க் மேனேஜரில் கேமின் பெயரில் ரைட் கிளிக் செய்து ஓபன் ஃபைல் லொகேஷன் கொடுத்தால் சரியான கோப்புக்கே கொண்டுபோய் விடும்.

ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், கேமை முழுக்க மூடித் திறங்கள், பாருங்கள். அதன் பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.


கடைசிநிலை:

இரண்டாவது கேம் சரியாகிவிட்டது! பட்டியலில் 1920×1080 வந்துவிட்டது, வரைபடமும் தெரிகிறது. ஸ்கேல் 125தான் இருந்தது, நீங்கள் சொன்னபடியே.

பழைய கேமில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். 1024×768, பட்டை எதுவும் இல்லை. அப்படியானால் டிரைவர்தான். ஆனால் என்விடியா பேனலில் அந்தப் பகுதியே இல்லையே, எங்கே போய் மாற்றுவது?


பிக்சல்பித்தன்:

இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் திரையின் கம்பி இன்டெல் பக்கம்தான் போகிறது. என்விடியா கார்டு படத்தை வரைந்து இன்டெலிடம் கொடுக்கும், திரைக்கு அனுப்புவது இன்டெல். திரை தன்னிடம் இல்லாதபோது என்விடியா பேனலில் டிஸ்ப்ளே பகுதி வராது. டிரைவர் பாதி ஏறியதாக அர்த்தமில்லை. இதைப் பார்த்துவிட்டு டிரைவரைப் பல முறை போட்டு எடுப்பவர்கள் நிறையப் பேர், அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் போக வேண்டிய இடம் இன்டெல் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டர். டிஸ்ப்ளே பகுதியில் ஸ்கேல் என்று இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: திரை தன் சொந்த ரெசல்யூஷனில் இருக்கும்போது அந்தத் தேர்வுகள் முழுதாகத் தெரியாமல் இருக்கலாம். டெஸ்க்டாப்பைச் சற்று நேரம் 1024×768க்கு மாற்றிக்கொண்டு, ஸ்கேலைத் தேர்ந்தெடுத்து அப்ளை செய்துவிட்டு, மறுபடி 1920×1080க்கு வந்துவிடுங்கள்.

அங்கே ஸ்ட்ரெச்சட், சென்டர், மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று இருக்கும். என்னைக் கேட்டால் மூன்றாவதையே தேர்ந்தெடுங்கள். 1024×768 படம் 4:3 விகிதம். அந்த விகிதம் கெடாமல் விரித்தால் 1440×1080 ஆகும். மேலும் கீழும் நிறைந்துவிடும், இரண்டு பக்கமும் 240 பிக்சல் கறுப்பு மிஞ்சும். அந்தக் கறுப்பைக் குறையாக நினைக்க வேண்டாம், கேமை உருவாக்கியவர்கள் வரைந்த வடிவம் அதுதான்.

ஸ்ட்ரெச்சட் கொடுத்தால் திரை முழுக்க நிறையும், ஆனால் அகலம் 1.875 மடங்கும் உயரம் 1.406 மடங்கும் விரியும். வட்டமாக வரைந்த சக்கரம் மூன்றில் ஒரு பங்கு அதிக அகலமாகி முட்டை வடிவமாகும். ஆட்களெல்லாம் குட்டையாகப் பருத்துத் தெரிவார்கள். சிலருக்கு அது பழகிவிடும். எனக்கு அந்தப் படத்தை வரைந்தவரின் உழைப்பைக் கெடுப்பதாகவே தோன்றும்.

டெஸ்க்டாப் கணினியில் என்விடியா கார்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு: கண்ட்ரோல் பேனலில் அட்ஜஸ்ட் டெஸ்க்டாப் சைஸ் அண்ட் பொசிஷன். அங்கே ஆஸ்பெக்ட் ரேஷியோ, கீழே ஸ்கேலிங்கை யார் செய்வது என்ற இடத்தில் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டு. அதற்கும் கீழே, கேம்கள் வைக்கும் ஸ்கேலிங்கை மீறு என்ற பொருளில் ஓவர்ரைடு என்று ஒரு டிக் கட்டம் உண்டு. பழைய கேம் பேச்சைக் கேட்காவிட்டால் அதையும் போடுங்கள். ஏஎம்டியில் டிஸ்ப்ளே பகுதியில் ஜிபியு ஸ்கேலிங்கை முதலில் இயக்க வேண்டும், அப்புறம்தான் ஸ்கேலிங் மோடு வேலை செய்யும். ப்ரிசர்வ் ஆஸ்பெக்ட் ரேஷியோ, ஃபுல் பேனல், சென்டர் என்று மூன்று.


வேங்கை75:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது டிவி. எச்டிஎம்ஐயில் கணினியை இணைத்திருக்கிறேன். 1920×1080தான் வைத்திருக்கிறேன், ஆனால் நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டுப்படுகிறது. டெஸ்க்டாப்பிலேயே டாஸ்க்பார் பாதிதான் தெரிகிறது. கேமில் ஓரத்தில் உள்ள குண்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்க முடியவில்லை. ஸ்கேல் 100 சதவீதம்தான்.


பழங்கணினி:

வேங்கை, டெஸ்க்டாப்பிலேயே வெட்டுப்படுகிறது என்றால் கேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதற்குப் பெயர் ஓவர்ஸ்கேன். பழைய குழாய் டிவி காலத்தில் படத்தின் விளிம்பு நேராக நிற்காது, அதனால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி விளிம்பைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவார்கள். தட்டைத் திரை வந்த பிறகும் பல டிவிகளில் அந்தப் பழக்கம் அப்படியே தொடர்கிறது.

இதை டிவியிலேயே சரிசெய்ய வேண்டும். படத்தின் அளவு அல்லது ஆஸ்பெக்ட் என்ற மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், 1:1 என்று ஏதோ ஒரு பெயரில் இருக்கும். டிவிக்கு டிவி பெயர் மாறும், வேலை ஒன்றுதான். சில டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ துளையின் பெயரைப் பிசி என்று மாற்றினாலே வெட்டுவது நின்றுவிடும்.

டிரைவரில் படத்தைச் சுருக்கும் ஒரு வழி உண்டு, என்விடியாவில் ரீசைஸ், ஏஎம்டியில் எச்டிஎம்ஐ ஸ்கேலிங் என்ற இழுவைப் பட்டை. டிவியில் எந்தத் தேர்வும் இல்லாதபோதுதான் அதற்குப் போக வேண்டும். டிரைவர் சுருக்கியதை டிவி மறுபடி பெரிதாக்கும், அந்த இரட்டை வேலையில் எழுத்தெல்லாம் மங்கிவிடும்.


ஓடைக்கல்:

எனக்கு ஒன்று புரியவில்லை. பார்டர்லெஸ் விண்டோ (ஓரச் சட்டம் இல்லாமல் திரை முழுக்க நிற்கும் விண்டோ) என்று கொடுத்தால் இந்தத் தொல்லையில் பாதி இருக்காதே? நான் எல்லா கேமையும் அப்படித்தான் ஆடுகிறேன். ஆல்ட், டேப் அழுத்தினால் உடனே வெளியே வரலாம், திரை மினுங்காது.


பிக்சல்பித்தன்:

புதிய கேம்களுக்கு நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. விண்டோஸ் 10 வந்த பிறகு இரண்டுக்கும் இருந்த வேகத்தின் இடைவெளி நன்றாகக் குறைந்துவிட்டது. முழுத்திரை என்று நீங்கள் தேர்ந்தெடுத்தாலும் பல கேம்களில் விண்டோஸ் அதை உள்ளுக்குள் பார்டர்லெஸ் போலத்தான் நடத்துகிறது. ஃபுல்ஸ்கிரீன் ஆப்டிமைசேஷன்ஸ் என்று சொல்வது அதைத்தான். விண்டோஸ் 11இல் கிராஃபிக்ஸ் அமைப்புகளில் விண்டோவில் ஓடும் கேம்களுக்கென்று ஓர் ஆப்டிமைசேஷன் தேர்வும் இருக்கிறது. கேம்கள் கிராஃபிக்ஸ் கார்டோடு பேசப் பயன்படுத்தும் விண்டோஸ் பகுதிக்கு டைரக்ட்எக்ஸ் என்று பெயர்; அதன் 10, 11 பதிப்புகளைப் பயன்படுத்தும் கேம்களில் இது தாமதத்தைக் குறைக்கும்.

ஆனால் பார்டர்லெஸ் எல்லாருக்கும் மருந்து இல்லை. அது டெஸ்க்டாப்பின் ரெசல்யூஷனிலேயே ஓடும். 4கே (3840×2160) மானிட்டரும் சாதாரண கார்டும் வைத்திருப்பவர் கேமை 1920×1080இல் ஓட்ட நினைத்தால், பார்டர்லெஸில் ரெசல்யூஷன் பட்டியலே மங்கிப்போய் இருக்கும். அந்த மாதிரி நேரத்தில் கேமுக்குள் ரெண்டர் ஸ்கேல் என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். 4கேயில் அதை 50 சதவீதம் வைத்தால் கேம் 1920×1080இல்தான் வரையும், மெனுவும் எழுத்தும் 4கேயிலேயே கூர்மையாக நிற்கும். அது இல்லையென்றால் உண்மையான முழுத்திரைதான் வழி.

இதற்கு நேர்மாறாக, ரெசல்யூஷன் எல்லாம் சரியாக இருந்தும் படம் மங்கலாக இருக்கிறது என்பவர்களும் இந்த ரெண்டர் ஸ்கேலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கேம் உங்கள் கார்டைப் பார்த்துத் தானாகவே அதை 70, 60 என்று இறக்கி வைத்திருக்கும். டைனமிக் ரெசல்யூஷன் என்று இருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள்.

ஃபுல்ஸ்கிரீன் ஆப்டிமைசேஷன்ஸை நிறுத்து என்று எந்தக் கேள்விக்கும் ஒரே பதிலாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் ஒரு டிக் கட்டம், அவ்வளவுதான். டைரக்ட்எக்ஸ் 9 காலத்துக் கேமில் படம் விட்டுவிட்டு வந்தாலோ, முழுத்திரைக்குப் போனதும் மினிமைஸ் ஆகிவிட்டாலோ முயன்று பார்க்கலாம். டைரக்ட்எக்ஸ் 12 கேமில் அதைத் தொட்டுப் பயன் இருக்காது.


இரட்டைத்திரை:

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் சார்பாகக் கேட்கிறேன். ஒன்று 144 ஹெர்ட்ஸ், மற்றொன்று 60. கேம் எப்போதும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில்தான் திறக்கிறது. இந்தப் பக்கம் ஏதாவது கிளிக் செய்தால் கேம் கீழே போய்விடுகிறது.


பழங்கணினி:

விண்டோஸ் விசை, ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோ அடுத்த திரைக்குத் தாவும். முதலில் கேமை விண்டோவாக மாற்றி, தாவ வைத்து, அங்கே போனதும் முழுத்திரை கொடுங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்புகளில் 144 மானிட்டரை மெயின் டிஸ்ப்ளே ஆக்கிவிடுங்கள். பல கேம்கள் மெயின் எதுவோ அங்கேதான் திறக்கும்.

கீழே போவது உண்மையான முழுத்திரையின் இயல்பு. கேம் கவனத்தை இழந்ததும் திரையை விட்டுக்கொடுத்துவிடும். உங்கள் விஷயத்தில் ஓடைக்கல் சொன்ன பார்டர்லெஸ்தான் சரி.

144இல் போன பிறகும் இழுவையாகத் தெரிந்தால் விண்டோஸின் அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே பக்கத்தில் அந்த மானிட்டர் உண்மையிலேயே 144இல் இருக்கிறதா என்று பாருங்கள். புது கேபிளோ டிரைவரோ மாற்றிய பிறகு 60க்கு இறங்கிக் கிடப்பது உண்டு. ஜி-சிங்க் (மானிட்டரின் ஹெர்ட்ஸைக் கேமின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் என்விடியா வசதி) வைத்திருந்தால், அது முழுத்திரைக்கு மட்டுமா, விண்டோவுக்கும் சேர்த்தா என்ற தேர்வு என்விடியா பேனலில் இருக்கும். பார்டர்லெஸில் ஆடுபவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.


மழைச்சாரல்:

என் நிலைமை வேறு. கேமுக்குள் ரெசல்யூஷனை மாற்றி அப்ளை கொடுத்தேன். மானிட்டர் கறுப்பாகி அவுட் ஆஃப் ரேஞ்ச் என்று ஒரு பெட்டி மட்டும் மிதக்கிறது. சத்தம் கேட்கிறது, படம் இல்லை. கேமை மூடினால் எல்லாம் சரி, மறுபடி திறந்தால் மறுபடி அதே. மெனுவே தெரியாதபோது எப்படி மாற்றுவது? அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்தாயிற்று, மாறவில்லை.


பிக்சல்பித்தன்:

மானிட்டர் தாங்காத ரெசல்யூஷனையோ ஹெர்ட்ஸையோ கேம் அனுப்புகிறது. மானிட்டருக்குப் பழுது ஒன்றும் வந்துவிடவில்லை, பயப்பட வேண்டாம். மறுபடி நிறுவியும் மாறாததற்குக் காரணம், அமைப்புகள் கேமின் ஃபோல்டரில் இல்லை. உங்கள் பயனர் கணக்கின் ஃபோல்டரில் தனியாக இருக்கின்றன. கேமை நீக்கும்போது பெரும்பாலும் அவை நீங்குவதில்லை.

முதலில் ஆல்ட், என்டர். விண்டோவாக மாறினால் மெனு தெரியும், வேலை முடிந்தது. மாறவில்லை என்றால், ஸ்டீமில் கேமின் பெயரில் ரைட் கிளிக், ப்ராபர்டீஸ், ஜெனரல் பக்கத்தில் கீழே லாஞ்ச் ஆப்ஷன்ஸ். அங்கே ஒரு சிறு கோடு போட்டு, இடைவெளி விடாமல் விண்டோட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள் (-windowed). எல்லா கேமும் இதைக் கேட்காது, சோர்ஸ் எஞ்சின், அன்ரியல் எஞ்சின் என்ற கேம் உருவாக்கும் மென்பொருள்களில் செய்த கேம்கள் பொதுவாகக் கேட்கும்.

அதுவும் இல்லையென்றால் கோப்பில் கை வைக்கலாம். டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ் என்ற ஃபோல்டரிலோ, ஆப்டேட்டாவுக்குள் லோக்கல் என்ற ஃபோல்டரிலோ கேமின் பெயரில் ஓர் இடம் இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும். அன்ரியல் எஞ்சின் கேம் என்றால் சேவ்ட், கான்ஃபிக் என்று உள்ளே போனால் கேம்யூசர்செட்டிங்ஸ் என்ற ஐஎன்ஐ கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் ரெசல்யூஷன்சைஸ்எக்ஸ், ரெசல்யூஷன்சைஸ்ஒய் என்று இரண்டு வரிகள் தெரியும். அங்கே உங்கள் மானிட்டரின் எண்களைப் போடுங்கள். ஃபுல்ஸ்கிரீன்மோடு என்ற வரியில் 0 என்றால் உண்மையான முழுத்திரை, 1 என்றால் பார்டர்லெஸ், 2 என்றால் விண்டோ. 2 போட்டுத் திறந்துவிட்டு, மற்றதைக் கேமுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

கோப்பைத் தொடுமுன் பக்கத்திலேயே ஒரு நகல் எடுத்து வையுங்கள். என்ன வரி என்று புரியவில்லை என்றால் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுக் கேமைத் திறந்தாலே போதும், பெரும்பாலான கேம்கள் புதிதாக ஒன்றை இயல்பு அமைப்போடு உருவாக்கிக்கொள்ளும். ஆனால் சேமித்த ஆட்டங்கள் அதே ஃபோல்டரில் இருக்கலாம். ஃபோல்டரையே அழித்துவிடாதீர்கள், தயவுசெய்து. நூறு மணி நேரம் ஆடியதை ஒரு ரெசல்யூஷனுக்காக இழப்பவரைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

கேமை மூடிய பிறகும் டெஸ்க்டாப் கறுப்பாகவே இருந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் சேர்த்து அழுத்துங்கள். டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், திறந்திருக்கும் வேலைகள் மூடாது.


மழைச்சாரல்:

ஐஎன்ஐ கோப்பு இருந்தது. ரெசல்யூஷன் 2560×1440 என்று எழுதியிருந்தது, என் மானிட்டர் 1920×1080. மாற்றி 2 போட்டதும் விண்டோவாகத் திறந்தது. சேமித்த ஆட்டங்கள் அதே சேவ்ட் ஃபோல்டருக்குள்தான் இருந்தன. நல்லவேளை எச்சரித்தீர்கள். மிக்க நன்றி.


கடைசிநிலை:

பழைய கேமும் ஆஸ்பெக்ட் ரேஷியோவில் விரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் கறுப்பு இருக்கிறது, எனக்கு அது பரவாயில்லை. ஆனால் எழுத்து சற்று மங்கலாகத் தெரிகிறது. இதற்கு ஏதாவது உண்டா?


பழங்கணினி:

1.4 மடங்கு என்பது முழு எண் இல்லை. ஒரு பிக்சலை ஒன்றே கால், ஒன்றரை என்று பிரித்துக் கொடுக்க முடியாது, அக்கம்பக்கத்தோடு கலந்துதான் ஆக வேண்டும். அந்தக் கலப்புதான் மங்கல்.

640×480இல் ஓடும் கேம் என்றால் முழு எண் மடங்கில் மட்டும் விரிக்கும் இன்டிஜர் ஸ்கேலிங் கைகொடுக்கும். சரியாக இரண்டு மடங்கு, 1280×960. ஒவ்வொரு பிக்சலும் நாலு பிக்சலாக மாறும், கலப்பே இல்லை. மேலும் கீழும் 60, பக்கங்களில் 320 பிக்சல் கறுப்பு நிற்கும், ஆனால் ஒவ்வொரு கோடும் கத்தி மாதிரி இருக்கும். ஓரளவு புதிய என்விடியா கார்டுகளிலும், ஏஎம்டி, இன்டெல் டிரைவர்களிலும் இது இருக்கிறது. 1024×768ஐ 1080 உயரத்தில் இரண்டு மடங்காக்க இடமில்லை, அதனால் உங்களுக்கு உதவாது.

உங்களுக்கு நான் சொல்வது டிஜிவூடூ2. இலவச மென்பொருள். பழைய டைரக்ட்எக்ஸையோ, அதேபோன்ற பழைய முறையான கிளைடையோ பயன்படுத்தும் கேம்கள் கேட்பதை இன்றைய டைரக்ட்எக்ஸ் 11, 12 புரிந்துகொள்ளும்படி மாற்றிக்கொடுக்கும். அதற்குரிய டிஎல்எல் கோப்புகளைக் கேமின் ஃபோல்டரில் போட்டுவிட்டு, அதன் கண்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷனை உயர்த்தலாம். 3டி கேம் என்றால் உண்மையிலேயே கூர்மையாக வரைந்து தரும். உங்களுடையது படமாகவே வரைந்து வைத்த 2டி கேம் என்றால் மங்கலை அது பெரிதாகக் குறைக்காது. ஆனால் முழுத்திரைக்குப் போகும்போது திரை மினுங்குவது, 256 வண்ணக் கேம்களில் நிறம் பச்சையும் ஊதாவுமாகச் சிதறுவது போன்றவை பல கேம்களில் நின்றுவிடும். அதற்காகவே போட்டு வைக்கலாம்.

மென்பொருளை அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். டிஎல்எல் கோப்பு தருகிறோம் என்று சொல்லும் மற்ற தளங்கள் வேண்டாம்.


அகலத்திரை:

2560×1080 மானிட்டரில் பழைய கேம் ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. படம் திரை முழுக்க நிறைந்தாலே சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சில கேம்கள் அகலத்துக்குப் புதிதாக எதையும் வரையாமல் மேலும் கீழும் வெட்டி நிரப்பும். ஆளின் தலையும் காலும் காணாமல் போயிருந்தால் அதுதான். பார்வைக் கோணத்தை மாற்றும் தேர்வு கேமில் இருந்தால் கூட்டிப் பாருங்கள். இல்லையென்றால் 16:9லேயே ஆடுவது மேல்.


வேங்கை75:

பழங்கணினி, டிவியில் ஜஸ்ட் ஸ்கேன் இருந்தது, ஆனால் மங்கி இருந்தது, தேர்ந்தெடுக்க முடியவில்லை. துளையின் பெயரைப் பிசி என்று மாற்றியதும் படம் தானாகவே முழுதாக வந்துவிட்டது. டாஸ்க்பாரும் தெரிகிறது. இப்போது கேம் மோடு என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதையும் போடலாமா? போட்டால் மறுபடி வெட்டுமா?


பழங்கணினி:

போடலாம். கேம் மோடு டிவி செய்யும் பட மெருகேற்றலைக் குறைத்துத் தாமதத்தைக் குறைக்கும், ஓவர்ஸ்கேனுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் சில டிவிகள் ஒவ்வொரு மோடுக்கும் பட அளவைத் தனியாக நினைவில் வைத்திருக்கும். மாற்றியதும் டாஸ்க்பார் முழுதாகத் தெரிகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். தெரியவில்லை என்றால் அந்த மோடில் இருந்தபடியே ஜஸ்ட் ஸ்கேனை மறுபடி தேர்ந்தெடுங்கள்.